மன்னூபியா தொட்டுப் பார்த்த கழுத்துகள்

எங்கள் அல்காஃப் ஊரில் ஒரு பெண் மன்னூபியாவின் கையால் தேய்த்துக் குளித்ததில்லை என்றால், அவள் மாற்றலாகி வந்த ஏதாவது ஒரு அதிகாரியின் மனைவியாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் முதல் பனி விழும்வரைதான். அதன்பிறகு அவளும் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கோட்டைக்குக் கீழே இருக்கும் பொது வெந்நீர்க் குளியல்கூடமான ஹம்மாமுக்கு வந்துவிடுவாள்.

காலை நேரம் ஆண்களுக்கு. மதியத் தொழுகை முடிந்து வாசலில் திரையைத் தொங்கவிட்டால் பெண்கள் நேரம். அந்தத் திரைக்குள் முப்பது வருஷம் மன்னூபியாதான் ஹார்ஸாவாக இருந்தாள். வெந்நீர் அறையின் கல்மேடையில் நம்மைப் படுக்கவைத்து, சொரசொரப்பான கையுறையால் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை தேய்த்துவிடுவது அவள் வேலை. குள்ளம். அகலம். ரொட்டி பிசைகிறவர்களுக்கு இருக்குமே, அந்த மாதிரி முன்கை. ஆவிக்குள்ளேயே இருந்து இருந்து குரல் கரகரத்துப் போயிருந்தது.

அவளுக்கு முகங்கள் ஞாபகம் இருக்காது. முதுகுகள்தான் ஞாபகம். சந்தையில் யாராவது "சித்தி, நல்லாருக்கீங்களா?" என்று கேட்டால் விழிப்பாள். "யாரும்மா நீ? கொஞ்சம் திரும்பு பாப்போம்" என்பாள். திரும்பினால், "ஓ! இடது தோள்ல பேரீச்சம்பழம் மாதிரி மச்சம்!" என்று ஆலிவ் விற்கிறவன், கறிக்கடைக்காரன் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துவாள். அந்தப் பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓடுவதை நானே பார்த்திருக்கிறேன். நான் ஸல்வா, தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள். என் முதுகில் அப்படி அடையாளம் எதுவும் இல்லாததால் தப்பித்தேன்.

அவள் புருஷன் தீஜானி ஜரீஸாவில் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சாது. மனைவி பேசுவதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இருப்பார். ஒரு வசந்த காலத்தில் அவருக்கு இடது பக்கக் காறை எலும்புக்கு மேலே, கழுத்தும் தோளும் சேர்கிற குழியில், ஒரு நெறி கட்டியது. முதலில் கொண்டைக்கடலை அளவு. பிறகு ஆலிவ் கொட்டை அளவு. மன்னூபியா ஊரெல்லாம் தேய்த்துவிடுகிறவள், வீட்டில் சும்மா இருப்பாளா? தினம் சாயங்காலம் ஆலிவ் எண்ணெயைச் சூடுபண்ணி அதன்மேல் தேய்த்து, கம்பளித் துணியால் கட்டிவிட்டாள்.

"வலிக்கவே இல்லடி, எதுக்கு இப்படிப் பாடுபடுற?" என்று அவர் கேட்பாராம்.

"வலிக்கலையா? அப்ப நல்லதுதான், கரைஞ்சிடும்" என்று இவள் சொல்வாளாம்.

நாலு மாதம் தேய்த்தாள். அது கரையவில்லை. அவர்தான் கரைந்தார். சாப்பாடு இறங்காமல் போன பிறகு தலைநகர் தூனிஸுக்குக் கொண்டுபோனார்கள். புற்றுநோய் இருந்தது இரைப்பையில். கழுத்தில் இருந்தது அது அனுப்பிய தூதுவன். "இது எப்ப வந்துச்சு?" என்று டாக்டர் கேட்டார். "பார்லி அறுப்புக்கு முன்னாடி" என்றாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். ஆலிவ் பறிப்பு தொடங்குவதற்குள் தீஜானி போய்விட்டார்.

அடக்கமெல்லாம் முடிந்து பத்துநாள் கழித்து, இறப்புச் சான்றிதழ் காகிதத்துக்காக அவள் மறுபடி தூனிஸ் போனாள். அந்த டாக்டரைத் தேடிப்பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "எனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கணும்?"

அவர் வயதானவர், களைத்தவர். ஆனாலும் தாழ்வாரத்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் விரலைப் பிடித்துத் தன் தாடைக்குக் கீழே வைத்தார். "இதோ, சின்னதா உருளுதா? எல்லாருக்கும் இருக்கும். பல்லு கெட்டா, தொண்டை புண்ணானா, கால்ல முள்ளு குத்தினா, அந்தந்தப் பக்கத்து நெறி வீங்கும். அது உடம்போட காவல்காரன், சண்ட போடுறான். தொட்டா வலிக்கும், மெத்துன்னு இருக்கும், நழுவும். ரெண்டு மூணு வாரத்துல வடிஞ்சிடும். வலிக்காம, கெட்டியா, ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு, வளர்ந்துக்கிட்டே போறதப் பாத்தாத்தான் பயப்படணும். காறை எலும்புக்கு மேல இருந்தா ஒருநாள்கூடக் காத்திருக்காம கூட்டிட்டு வந்துடணும்" என்றார்.

மன்னூபியாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அன்று கேட்டது ஒரு வார்த்தை பிசகாமல் அவளுக்குள் தங்கிவிட்டது. என்னிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள், அந்த டாக்டரின் இருமலோடு சேர்த்து.

அன்றிலிருந்து அவள் தேய்ப்பில் ஒரு புது வழக்கம் சேர்ந்துகொண்டது. சோப்பு நுரை போட்டதும் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலால் தாடைக்கு அடியில், காதுக்குப் பின்னால், கழுத்துக் குழியில், கக்கத்தில் என்று ஒரு சுற்று சுற்றி வருவாள். தேய்த்துக்கொள்கிறவளுக்குச் சுகமாக இருக்கும். தேடுகிறாள் என்று தெரியாது. ஏதாவது தட்டுப்பட்டால் அழுத்துவாள். நாம் "ஆ!" என்று அலறினால் அவள் முகம் மலர்ந்துவிடும்.

"வலிக்குதா? அல்ஹம்துலில்லா! நல்லா கத்து!"

வாசலில் துண்டு வாங்கி வைக்கிற ஷல்பியா இதை வைத்தே பிழைப்பு நடத்தினாள். "உலகத்துலயே நோயாளி கத்துனா சந்தோஷப்படுற ஒரே டாக்டர் நம்ம டாக்டர் மன்னூபியாதான்" என்பாள். ஷல்பியாவின் பிடரியிலேயே ஒரு கட்டி இருந்தது. மன்னூபியா விடாமல் நச்சரித்து, கீழ்த்தெருவில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு அவளை அனுப்பினாள். வெறும் கொழுப்புக் கட்டி. அந்தக் குளிர்காலம் முழுக்க ஷல்பியா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "முப்பத்தஞ்சு வருஷமா தின்ன பக்லாவாவெல்லாம் ஒரே இடத்துல சேர்ந்திருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்று கதை படித்தாள்.

அந்த டாக்டரம்மாவின் பெயர் ஒல்ஃபா. இளவயது. ஹம்மாமிலிருந்து வாரத்துக்கு இரண்டு பேர் ஈரத் தலையோடு வந்து கழுத்தை நீட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள், யார் இந்தப் பெண் என்று பார்த்துவிடலாமென்று தானே துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்றைக்கு நானும் இருந்தேன்.

"நீங்கதானா அந்த மன்னூபியா?"

"உங்க முதுகு எனக்குப் புதுசு. படுங்க."

தேய்த்தாள். சுற்று வந்தாள். தாடைக்கு அடியில் விரல் நின்றது. "ஸ்ஸ்…" என்றார் டாக்டரம்மா.

"இடது பக்கம் கடவாய்ப் பல்லு சொத்தை. மென்னு தின்னுறது எல்லாம் வலது பக்கந்தானே? மத்தவங்களுக்கு மருந்து எழுதுற கைக்குப் பல்லு டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டத் தெரியாதா?"

ஒல்ஃபா நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்தார். பிறகு கல்மேடை அதிரச் சிரித்தார். அதிலிருந்து இருவருக்கும் ஒரு உடன்படிக்கை ஏற்பட்டது. மெத்தென்று வலிக்கிறதை மூன்று வாரம் பார்த்துவிட்டு அனுப்பணும். கெட்டியானதை உடனே அனுப்பணும். மலையடிவாரத்து ஆட்டுக்காரப் பெண் ஒருத்திக்குக் கழுத்தில் வரிசையாக நெறி கட்டி, அந்தக் கெட்ட நோய்தான் என்று குடும்பமே அழுதபோது, சதையை எடுத்துப் பார்த்து அது காசநோய் என்றார் ஒல்ஃபா. பாலைக் காய்ச்சாமல் குடித்ததால் வந்தது. மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. அதன்பிறகு கல்மேடையில் படுக்கிற ஒவ்வொருத்தியும் "பாலைக் காய்ச்சிக் குடிக்கிறேன் சித்தி" என்று சத்தியம் செய்தால்தான் மன்னூபியா முதுகைத் தொடுவாள்.

துர்ஸாஃப் விஷயம் நடந்தது ஒரு ஜூலையில்.

துர்ஸாஃப், கோதுமை வியாபாரி வீட்டு மூத்த பெண். இருபத்து மூன்று வயது. பாலர் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவள். மாப்பிள்ளை லஸாத், தூனிஸுக்கு ஷேர் டாக்ஸி ஓட்டுகிறவன். நகராட்சியில் கையெழுத்துப் போட்டு நிக்காஹ் ஒப்பந்தம் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது நாளில் கல்யாண விருந்து. அவள் அம்மா ஃபௌஸியா அன்று ஹம்மாமையே வாடகைக்கு எடுத்து, மெழுகுவர்த்தியும் குலவையுமாகப் பெண்ணை மணநீராட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நானும் போயிருந்தேன். பாட்டு, ஆட்டம், ஒருத்திமேல் ஒருத்தி தண்ணீர் ஊற்றுவது என்று ஒரே அமர்க்களம்.

கல்மேடையில் துர்ஸாஃப் படுத்திருந்தாள். நான் இரண்டு அடி தள்ளித் தலை சீவிக்கொண்டிருந்தேன். மன்னூபியாவின் விரல் அவள் கழுத்துக் குழியில் போய் நின்றது. நகரவில்லை.

"என்ன சித்தி, தூங்கிட்டீங்களா?" துர்ஸாஃப் கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"இங்க அழுத்தினா வலிக்குதா?"

"இல்லையே."

"கால்ல என்ன இவ்வளவு கீறல்?"

"அரிப்பு சித்தி. ரெண்டு மாசமா. அம்மா கண்ணேறுன்னு உப்பு சுத்திப் போட்டாங்க."

"ராத்திரி வேர்க்குதா?"

"தலகாணியப் பிழிஞ்சு காயப்போடலாம்."

சுற்றி இருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ஜூலையில யாருக்கு வேர்க்கல! மாப்பிள்ளைய நெனச்சு வேர்த்திருக்கும்" என்றாள் ஒரு அத்தை. ஆனால் எங்கள் மலை ஊரில் ஜூலையிலும் விடியற்காலையில் போர்வை தேடுவோம். அது மன்னூபியாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பெண் இளைத்துப் போயிருந்ததைக் கல்யாணத்துக்காகப் பட்டினி கிடக்கிறாள் என்றுதான் எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

மன்னூபியா ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு, அதுவரை பாடாதவள், உரத்த குரலில் பாட ஆரம்பித்தாள். தாளமே சேரவில்லை.

எல்லோரும் போன பிறகு ஈரப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "மூணு இருக்கு ஸல்வா. கெட்டியா, ரப்பர் மாதிரி. அசைய மாட்டேங்குது. தீஜானிக்கு இருந்த அதே குழி."

"அப்பவே சொல்லியிருக்கலாமே சித்தி?"

"குலவைக்கு நடுவுல எப்படிடி சொல்றது? அவ தலையில மெழுகுவர்த்தி வெளிச்சம் விழுந்துக்கிட்டிருந்துச்சு."

மறுநாள் காலையில் என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு ஃபௌஸியா வீட்டுக்குப் போனாள். முற்றத்தில் பாதாம் அரைத்து இனிப்பு உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபௌஸியா எங்களைப் பார்த்ததும் தட்டோடு எழுந்து வந்தாள். மன்னூபியா அவளை ஓரமாகக் கூப்பிட்டு, 'லல்லா' என்று மரியாதை வைத்து மெதுவாகத்தான் சொன்னாள்.

"லல்லா ஃபௌஸியா, பொண்ணு கழுத்துல நெறி கட்டியிருக்கு. எனக்கு அது பிடிக்கல. டாக்டரம்மா ஒரு தடவ பாத்துடட்டும். விருந்துக்கு முன்னாடியே."

ஃபௌஸியாவின் முகம் மாறியது. "உனக்குப் பிடிக்கலையா? எம்பொண்ணு உடம்புல உனக்குப் பிடிச்சது பிடிக்காததுன்னு கணக்கு வேறயா? அழுக்குத் தேய்க்கக் கூப்பிட்டா அழுக்கோட நிறுத்திக்கணும்."

"நான் தப்பா இருந்தா என்னை எல்லாரும் சிரிக்கட்டும். ஷல்பியா இன்னும் சிரிச்சுக்கிட்டுதான் இருக்கா."

"மாப்பிள்ளை வீட்டுக் காதுல இது விழுந்தா என்னாகும்னு தெரியுமா? உன் புருஷனப் பொதைச்ச துக்கத்த எம்பொண்ணு கல்யாணத்துல கொண்டாந்து கொட்டாத. போ."

இனிப்புத் தட்டு எங்கள் பக்கம் நீளவே இல்லை. மன்னூபியா விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கோட்டைச் சுவர் திரும்புகிற இடத்தில் நின்று, "அவ கோபம் நியாயம்தான். நானும் நாலு மாசம் எண்ணெய் தேச்சவதானே" என்றாள்.

ஒல்ஃபாவிடம் போனோம். "பொண்ணு தானா வரணும். வீட்டுக்குள்ள புகுந்து இழுத்துட்டு வர எனக்கு உரிமை இல்ல. ஆனா இருபத்து மூணு வயசு. அம்மாகிட்ட சொல்லியாச்சு; அவகிட்ட யாரு சொன்னீங்க?" என்று கேட்டார் அவர். எங்களுக்கு அது உறைத்தது. நாங்கள் அம்மாவிடம்தான் போயிருந்தோம்.

வழியைத் துர்ஸாஃபே காட்டினாள். அடுத்த நாள், விருந்துக்கு வர முடியாத லியோன் மாமாக்களுக்கும் மரியாதைக்கு ஒரு அழைப்பிதழ் அனுப்ப என் ஜன்னலுக்கு வந்து நின்றாள். "கொஞ்சம் இரும்மா, வெளிநாட்டுத் தபால்தலை உள்ள இருக்கு" என்று பொய் சொல்லிவிட்டு ஹம்மாமுக்கு போன் போட்டேன். மன்னூபியா வீட்டுச் செருப்போடு, மூச்சு வாங்க, பின்வாசல் வழியாக வந்தாள். தபால் மூட்டைகளுக்கு நடுவில் துர்ஸாஃபை உட்காரவைத்தோம்.

மன்னூபியா அவள் கையைப் பிடித்து, அவள் விரலாலேயே அவள் கழுத்தைத் தொடவைத்தாள். "தொடு. இன்னும் கீழ. இருக்கா?"

"…இருக்கு."

"நான் டாக்டர் இல்ல மகளே. ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். ஷல்பியாவுக்குக் கொழுப்பு, ஆட்டுக்காரப் பொண்ணுக்குப் பால். ஆனா வலிக்காத நெறி, அந்தக் குழியில, வேர்வையோட, இளைப்போட… எனக்குத் தூக்கம் வரல. டாக்டரம்மாகிட்ட போய்க் காட்டு. காட்டிட்டு வந்து என்னை நல்லா திட்டு."

துர்ஸாஃப் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை. "அம்மாக்குத் தெரியுமா?"

"சொன்னேன்."

அவள் அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அழைப்பிதழ்க் கட்டையே பார்த்தாள். அதற்குள் வெளியே வண்டியில் காத்திருந்த லஸாத், ஒரு தபால்தலைக்கு இவ்வளவு நேரமா என்று உள்ளே வந்துவிட்டான். மூன்று பெண்கள் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டான். துர்ஸாஃபே சொன்னாள், எதையும் மறைக்காமல். சொல்லிவிட்டு, "இப்ப வேணாம்னா சொல்லிடு. விருந்துக்கு முன்னாடியே சொல்லிடு" என்றாள்.

"என்னத்தச் சொல்லணும்?" என்றான் அவன். "சக்கரத்துல கடகடன்னு ஒரு சத்தம் கேட்டாலே எட்டு பேர நடுரோட்டுல இறக்கிவிட்டுப் பாக்குறவன் நான். உன்னைய அப்படியே ஓட்டிட்டுப் போயிடுவேனா? எந்திரி. ஸல்வாக்கா, அந்தக் கார்ட எல்லாம் இன்னைக்கு அனுப்பாதீங்க."

ஒல்ஃபா பார்த்தார். மறுநாள் எக்ஸ்ரே. நெஞ்சுக் கூட்டின் நடுவில் ஒரு கைமுட்டி அளவு நிழல். தூனிஸில் ஒரு நெறியை முழுசாக வெட்டியெடுத்துச் சோதித்தார்கள். விருந்துக்குக் குறித்த நாளில் துர்ஸாஃப் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கழுத்தில் கட்டோடு உட்கார்ந்து, லஸாத் வாங்கிவந்த தர்பூசணியைத் தின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. நெறிகளிலேயே பிறக்கிற புற்றுநோய். அதற்கு ஹாட்ஜ்கின் என்று பேர். பேரை வைத்துப் பயப்படாதே என்றார் ஒல்ஃபா. "கெட்ட நோய்தான், ஆனா சொன்னபடி கேக்குற நோய். உன் வயசுல பத்துல எட்டுப் பேருக்கும் மேல குணமாகுது. எதுக்குச் சொல்றேன்னா, அந்த எட்டுல நீ இருக்கணும். ஒரு ஊசியக்கூட விடக்கூடாது."

ஆறு மாதம் ஊசி, பிறகு ஒரு மாதம் கதிர் வைத்தியம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை லஸாத் தன் வண்டியில் முன்சீட்டை அவளுக்கு ஒதுக்கிவைத்து அழைத்துப்போனான். மற்ற பயணிகள் எரிச்சல்பட்டால், "இந்த சீட்டு கல்யாணம் வரைக்கும் புக் ஆயிடுச்சு" என்பான். முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஹம்மாமுக்கு வர டாக்டர் அனுமதிக்கவில்லை. அவளுக்கே கூச்சம் வேறு. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மன்னூபியா அவள் வீட்டுக்குப் போனாள். கையுறை இல்லை, சொரசொரப்பு எதுவும் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரும் வெறும் கையும்தான். மொட்டைத் தலையைக் கழுவிவிட்டு, "இப்பதான் ஒரு உண்மை தெரியுது, உன் மண்டை ரொம்ப அழகு. முடிதான் மறைச்சிருந்துச்சு" என்பாள்.

ஃபௌஸியா அந்த ஆறு மாதமும் மன்னூபியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். பேச்சே கிடையாது. ஒரு திங்கட்கிழமை, கூட்டமில்லாத நேரத்தில் ஹம்மாமுக்கு வந்தாள். கல்மேடையில் குப்புறப் படுத்தாள். மன்னூபியா தேய்த்தாள். திரும்பிப் படுக்கச் சொன்னபோது ஃபௌஸியா அவள் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் பாரு."

மன்னூபியா நிதானமாகப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல. இந்தக் கழுத்துல பிடிவாதம் மட்டும் நிறைய இருக்கு."

ஃபௌஸியா சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். ஆனால் அது அழுகையாகிவிட்டது. மன்னூபியா தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

மறு ஜூலையில் விருந்து நடந்தது. துர்ஸாஃபுக்கு முள்ளம்பன்றி மாதிரி முடி முளைத்திருந்தது. சவுரி வேண்டாம் என்று அடம்பிடித்து அப்படியே மேடையில் உட்கார்ந்தாள். ஆட்டுக்கறியும் பேரீச்சையும் போட்ட எங்கள் ஊர்க் குஸ்குஸை மன்னூபியா இரண்டு தட்டு சாப்பிட்டாள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு, இனி வருஷத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று தூனிஸ் டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இப்போது அவளுக்கு ஒரு பையன், வாயாடி.

கதையை இதோடு நிறுத்தினால் மன்னூபியாவுக்கே பிடிக்காது.

துர்ஸாஃப் விஷயம் ஊரெல்லாம் பரவிய பிறகு, குளிக்க வராதவர்கள்கூடக் கழுத்தைக் காட்ட வந்தார்கள். "என் கை எக்ஸ்ரே இல்ல, போங்கடி" என்று விரட்டுவாள். ஆனால் விரட்டிக்கொண்டே தொட்டும் பார்த்துவிடுவாள். அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்தி ஹத்தூஜா. சந்தை முனையில் தட்டை ரொட்டி சுட்டு விற்பவள், மன்னூபியாவின் நெடுநாள் சிநேகிதி. கக்கத்தில் ஒரு நெறி. மெத்தென்று இருந்தது, நழுவியது. கை முழுக்க அடுப்புச் சூட்டுக் காயம் வேறு. "ஒண்ணுமில்ல. காயத்துக்கு வந்ததா இருக்கும். மூணு வாரம் பாத்துட்டு டாக்டரம்மாகிட்ட போ" என்றாள் மன்னூபியா.

ஹத்தூஜாவுக்குக் காதில் விழுந்தது "ஒண்ணுமில்ல" மட்டும்தான். மூன்று வாரம் ஒரு வருஷமானது. அவள் போனபோது, கக்கத்து நெறிக்குக் காரணமாக மார்பில் இருந்த புற்றுக் கட்டி வெளியே தெரிகிற அளவுக்கு வந்திருந்தது. ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள்.

மன்னூபியா பத்து நாள் ஹம்மாமுக்கு வரவில்லை. வேலையே வேண்டாம் என்றாள். நானும் ஒல்ஃபாவும் போய்ப் பேசிப் பார்த்தோம். "கையால பாத்து இல்லைன்னு சொல்ல எங்களாலயும் முடியாது, சித்தி. அதுக்குத்தான் ஊசி போட்டு, சதைய எடுத்துப் பாக்குறோம். அனுப்பறதோட உங்க வேலை முடியுது" என்றார் ஒல்ஃபா. அவள் கிளம்பவில்லை.

கடைசியில் அவளைக் கிளப்பியது ஹத்தூஜாதான். ஒருநாள் மதியம் நேராக அவள் வீட்டுக்கே போய், "எனக்கு உடம்பெல்லாம் அழுக்கு. புது ஹார்ஸா என்னையப் பாத்து பயப்படுறா. கிளம்பு" என்றாள்.

"உன் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"நீ எப்ப முகத்தைப் பாத்திருக்க? முதுகைப் பாரு, போதும். நீ மூணு வாரம்னுதான் சொன்ன. நான்தான் பயத்துல காத மூடிக்கிட்டேன்."

அன்று மதியமே மன்னூபியா அவளைத் தேய்த்துவிட்டாள். தழும்பு இருந்த இடத்தைக் கையுறையைக் கழற்றிவிட்டு, நுரையால் மட்டும், ஓரம் ஓரமாகக் கழுவினாள். ஹத்தூஜா அதன்பிறகு ஏழு வருஷம் இருந்தாள். கடைசிக் குளியலையும் மன்னூபியாவே செய்துவைத்தாள்.

"ஒண்ணுமில்ல" என்ற வார்த்தை அதோடு அவள் வாயிலிருந்து போனது. மெத்தென்றிருந்தாலும் சரி, கெட்டியாக இருந்தாலும் சரி, "போய்க் காட்டு" என்பாள். மூன்று வாரம் என்றால் விரலில் எண்ணி, வடியாதவளை அந்த நாளில் பிடித்துக்கொள்வாள்.

இப்போது அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. கல்மேடைக்குப் போவதில்லை. ஷல்பியா மகனோடு ஸூஸாவுக்குப் போய்விட்டதால், வாசலில் துண்டு வாங்கி வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பெண்கள் குனிந்து கழுத்தை நீட்டினால், "கீழ்த்தெருவுல ஆஸ்பத்திரி எதுக்குக் கட்டி வச்சிருக்கு?" என்று வாசலைக் காட்டுகிறாள். ஒல்ஃபா மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருக்கும் டாக்டர் ஆண்பிள்ளை. அவருக்கும் ஈரத் தலைகள் பழகிவிட்டன.

போன வாரம் மழை. தபால் நிலையத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால், மன்னூபியா கீழ்த்தெரு ஆஸ்பத்திரிக்குப் போகும் சரிவில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். பத்தடிக்கு ஒருமுறை நின்று முட்டியைப் பிடித்துக்கொள்கிறாள். இன்னொரு கையில், அவளைவிட ஓரடி உயரமான போலீஸ்காரர் மனைவியின் மணிக்கட்டு. குளித்த துண்டு இன்னும் அந்த அம்மாளின் தலையிலேயே இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"சித்தி, நனையுறீங்க!"

"குடைய விடு! இவளோட அந்தக் கையப் பிடி. ரெண்டு தடவ ஓடிட்டா" என்றாள் மன்னூபியா.